பாலினச் சமத்துவக் குறியீடும் சிங்கப்பூர் இல்லப் பணிப்பெண்களும்

பெண்களின் நிலையைக் கொண்டும் ஒரு நாட்டின் மனித மேம்பாட்டை அளக்க வேண்டும் என்னும் கருத்துக்கு, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 2010ஆம் ஆண்டில் பாலினச் சமத்துவமின்மைக் குறியீடு வழியாகப் புதிய வடிவம் தந்தது. பேறுகால இறப்பு, பதின்வயது மகப்பேறு, நாடாளுமன்ற இடங்கள், கல்வி, உழைப்பில் பங்கு ஆகியவை அதன் அளவைகள். இவற்றால் அளக்குங்கால் சிங்கப்பூர் உலகின் முன்வரிசையில் நிற்கிறது.

இப்பெருமை எளிதில் வந்ததன்று. முஸ்லிம் அல்லாதாரிடையே பலதார மணத்தைத் தடுத்த மாதர் சாசனம் 1961இலேயே நிறைவேறியது. எனினும் 1970 முதல் 1984 வரை நாடாளுமன்றத்தில் பெண் ஒருவர்கூட இல்லை. மருத்துவப் படிப்பில் மாணவியரை மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்திய விதி, 1979இல் வந்து இருபதாண்டுகளுக்கு மேல் நீடித்தது. இவையெல்லாம் பேசப்பட்டவை, மாற்றப்பட்டவை.

நம் ஐயம் வேறொன்று. பெண்கள் அலுவலகம் சென்றபோது அடுப்படியையும் குழந்தையையும் ஏற்றவர் யார்? 1978இல் தொடங்கிய வெளிநாட்டுப் பணிப்பெண் திட்டம் இதற்கு விடையாயிற்று. இன்று இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இல்லப் பணிப்பெண்கள் இங்குள்ளனர். இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ், மியன்மார் நாட்டினரே மிகுதி. தமிழகத்துப் பெண்களும் இலங்கைப் பெண்களும் உளர். ஞாயிறுதோறும் சிராங்கூன் சாலையை நிறைக்கும் தமிழ்த் தொழிலாளர் ஆண்களே. அப்பெண்களைத் தேக்கா சந்தையில், முதியவர் ஒருவரின் சக்கர நாற்காலியைத் தள்ளியபடியே நாம் காண நேர்கிறது.

மனிதவள அமைச்சு பெரிதும் எடுத்துக்காட்டும் உழைப்புப் பங்கேற்பு விகிதம் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே பற்றியது. வேலை நியமனச் சட்டத்தின் காப்பும் இல்லப் பணிப்பெண்களுக்கு இல்லை. வார ஓய்வுநாள் 2013இல்தான் விதியாயிற்று. அதையும் பணம் தந்து ஈடுசெய்யலாம். மாதத்தில் ஒருநாளேனும் அவ்வாறு ஈடுசெய்ய இயலாதது என்றானது 2023இல். வேலை அனுமதிச் சீட்டில் இருப்போர் இங்கே கருவுறுதலும் மகப்பேறும் கூடாதென்பது பொதுவிதி. ஆகவே பேறுகாலம் பற்றிய இரு அளவைகளுள் இவர்கள் இடம்பெற வாய்ப்பேயில்லை. இவர்தம் பிள்ளைப்பேற்றின் இடர் பிறந்த நாட்டின் கணக்கிலேயே ஏறுகிறது.

குறியீட்டைப் பொய்யென்று நாம் தள்ளவில்லை. அது நாட்டெல்லையோடு நின்றுவிடுகிறது என்பதே நம் குறை. இங்குப் பிறர் குழந்தையை வளர்க்கும் தாயின் குழந்தையை ஊரில் பாட்டி வளர்க்கிறார்; ஊதியமில்லாத அவ்வுழைப்பு எந்நாட்டின் குறியீட்டிலும் இல்லை.