பணப்பாய்வு அறிக்கை பொய் சொல்லாதா?

போன முறை வரதராஜன்பேட்டைக்குப் போயிருந்தப்ப, சித்தப்பா ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை மொபைலில் காட்டி, "தம்பி, இதுல கொஞ்சம் பணம் போடலாமா?" என்றார். அவர் ரிட்டயர் ஆனபோது வந்த பணம். பங்குச்சந்தை பற்றிப் படிக்கிற எல்லோரும் ஒப்பிக்கிற பாடத்தை நானும் ஒப்பித்தேன்: "லாபக் கணக்கை எப்படி வேணும்னாலும் எழுதலாம். கேஷ் ஃப்ளோ பாருங்க, அதுல ஏமாத்த முடியாது."

"அந்தப் பணம் பேங்குல இருக்குன்னு யாரு போய்ப் பாத்தா?" என்றார். எனக்குப் பதில் இல்லை. திரும்பி வந்து கொஞ்சம் படித்தேன்.

பாடம் முழுக்கத் தப்பில்லை. எங்க ஊர்ப் பக்கம் முந்திரி வியாபாரி ஒருவரைக் கற்பனை செய்யுங்கள். லாபம் 10 லட்சம். அதில் 8 லட்சம் இன்னும் வசூலாகாத பாக்கி. மெஷின் தேய்மானம் என்று 1 லட்சம் கழித்திருக்கிறார். ஆனால் அதற்காக இந்த வருஷம் கையிலிருந்து காசு போகவில்லை. 10 + 1 − 8 = 3 லட்சம். இதுதான் செயல்பாட்டிலிருந்து வந்த பணம். புது மெஷின் வாங்கினால் அது முதலீட்டுப் பகுதியில் வரும். பேங்க் லோன் நிதிப் பகுதியில் வரும். லாபம் 10, பணம் 3 என்றால் எங்கோ உதைக்கிறது. அதுவரை சரி.

ஆனால் இந்தப் பகுதிகளுக்கு நடுவே உள்ள கோட்டை நகர்த்த முடியும். அமெரிக்காவின் வேர்ல்ட்காம் தன் தினசரிச் செலவை 'சொத்து வாங்கினோம்' என்று எழுதியது. 2002 ஜூனில் வெளியே வந்தபோது தொகை சுமார் 380 கோடி டாலர். செலவு முதலீட்டுப் பகுதிக்குப் போனதும் செயல்பாட்டுப் பணவரவு தானாகவே அழகாகிவிடும்.

அடுத்தது நம்ம நாட்டு சத்யம். 2009 ஜனவரி 7 அன்று ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தை ஒவ்வொரு முதலீட்டாளரும் ஒருமுறை படிக்கணும். 2008 செப்டம்பர் காலாண்டில் காட்டிய வருமானம் 2,700 கோடி, நிஜம் 2,112 கோடி. காட்டிய செயல்பாட்டு லாபம் 649 கோடி, நிஜம் 61 கோடி. இரண்டிலும் வித்தியாசம் 588 கோடி. அந்தக் காலாண்டில் பொய்யாக ஏறிய ரொக்க இருப்பும் அதே 588 கோடிதான்!

பொய் லாபத்தைப் பாக்கியில் வைத்திருந்தால் என் பாடம் பிடித்திருக்கும். அவர்கள் வைத்தது பெரும்பாலும் ரொக்கத்தில். கணக்கில் இருந்த 5,361 கோடி ரொக்கத்தில் 5,040 கோடி இல்லாத பணம். மிகைப்படுத்திய பாக்கி 490 கோடிதான். லாபமும் பணமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தவருக்கு, கச்சிதமாக ஒத்துப்போயிருக்கும்.

என் தொழில் பாஷையில் சொன்னால், கேஷ் ஃப்ளோ தனி லாக் ஃபைல் இல்லை. அதே டேட்டாபேஸிலிருந்து எடுத்த இன்னொரு ரிப்போர்ட். உள்ளே போட்ட டேட்டா பொய்யென்றால் இதுவும் பொய். வாடிக்கையாளரிடமிருந்து வந்தது இவ்வளவு, சப்ளையருக்குப் போனது இவ்வளவு என்று நேரடியாகக் காட்டும் முறையைத்தான் கணக்கியல் தரம் ஊக்குவிக்கிறது. ஆனால் பட்டியலிட்ட கம்பெனிகளுக்கு செபி விதி கேட்பது, லாபத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடும் மறைமுக முறையை. வாசகனுக்கு இது நஷ்டம் என்பது என் கருத்து.

அப்போ என்ன பார்ப்பது? ரொக்கம் குவிந்திருக்கும்போதே ஏன் கடன் வாங்குகிறார்கள்? இருப்புக்கு ஏற்ற வட்டி வருகிறதா? (சத்யத்தில் 376 கோடி வட்டியும் பொய். ஆக இந்தச் சோதனை மட்டும் போதாது.) முக்கியமாக, பணம் கம்பெனியை விட்டு வெளியே வருகிறதா? புதுக்கடன் வாங்காமல் பழைய கடனை அடைக்க, வருஷாவருஷம் டிவிடெண்ட் கொடுக்க நிஜப் பணம் வேணும். ஐந்து வருஷத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

சித்தப்பாவுக்கு போன் போட்டு, நான் சொன்னது பாதிதான் சரி என்றேன். "அப்ப அந்தக் கம்பெனி?" என்றார். நாலு வருஷமாக ரொக்கமும் ஏறுகிறது, கடனும் ஏறுகிறது. ஏன் என்று அறிக்கையில் ஒரு வரி இல்லை. வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.