அலகும் மழையும்

ஜோனதன் வைனர் எழுதி 1994ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி பீக் ஆஃப் த ஃபிஞ்ச்' என்னும் ஆங்கில நூல், மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. பசிபிக்கிலுள்ள காலாபாகஸ் தீவுகளுள் ஒன்றான டாஃப்னி மேஜரில், பீட்டர் கிராண்டும் அவர்தம் துணைவியார் ரோஸ்மேரியும் 1973 முதல் ஃபிஞ்ச் குருவிகளை ஆராய்ந்த வரலாறே அதன் பொருள்.

1977இல் அங்கு மழை பொய்த்தது. நடுத்தரத் தரை ஃபிஞ்ச் இனத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 மடிந்தன. சிறு விதைகள் தீர்ந்தமையால், வலிய விதையை உடைக்கவல்ல தடித்த அலகுடையவையே பெரும்பாலும் எஞ்சின. அவ்வியல்பு குஞ்சுகளுக்கும் சென்றது. 1983இல் கடல்நீர் வெப்பமுற்ற எல் நினோவால் பெருமழை பெய்தது. சிறு விதைகள் மலிந்தன. அடுத்து வந்த வறட்சியில் சிற்றலகுக் குருவிகளே மேலோங்கின.

இவற்றைக் கதைபோல் சுவைபடச் சொல்வது நூலின் சிறப்பு. ஆயினும், தலைப்புக்கேற்ப அலகே நூலில் ஓங்கி நிற்கிறது. 1977இல் அவ்வினம் குஞ்சு பொரிக்கவேயில்லை. 1983இலோ அது மீண்டும் மீண்டும் முட்டையிட்டது. அவ்வாண்டு பிறந்த பெடைகளுள் சில மூன்று திங்களிலேயே தாயாயின. நூலாசிரியர் இதனைக் கூறாமலில்லை. அலகுக்குத் தந்த அழுத்தத்தை இதற்குத் தந்திலர் என்பதே நம் குறை.

வறட்சி அலகை வளர்த்தது என்று மாணாக்கர்க்குக் கற்பித்தல் பிழை. வளர்ந்தது எந்தக் குருவியின் அலகும் அன்று. பிழைத்தவை எவை, ஈன்றவை எவை என்பதே மாறியது. சராசரி மழை இதனை மறைக்கும். ஆண்டுதோறும் மாறும் மழையே காட்டும். அவ்வாறு கற்பிக்க விரும்பும் ஆசிரியர் இந்நூலைக் கட்டாயம் படித்தல் வேண்டும்.