செவிலியர் ஒருவர் சட்டம் இயற்றச் சென்றபோது

2024 நவம்பர் 29 அன்று பிரிட்டனின் மக்களவை, இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆறு மாதங்களுக்குள் இறக்கக்கூடும் என்று கணிக்கப்பட்ட நோயாளர் தம் உயிரை முடித்துக்கொள்ள மருத்துவரின் உதவியைப் பெறலாம் என்னும் மசோதாவுக்கு 330க்கு 275 என்ற வாக்குகளால் இரண்டாம் வாசிப்பில் இசைவளித்தது. 2025 ஜூன் 20 அன்று 314க்கு 291 என்னும் வாக்குகளால் மூன்றாம் வாசிப்பும் நிறைவேறி, மசோதா பிரபுக்கள் சபைக்குச் சென்றது. ஏழு மாதங்களில் 55 வாக்கு வித்தியாசம் 23 ஆகக் குறைந்ததே என்று ஆறுதல் கொண்டோரும் நம்மிடையே உண்டு. நமக்கோ அச்செய்தி வேறொன்றை நினைவூட்டியது. அதே பிரபுக்கள் சபையின் மருத்துவ அறநெறித் தேர்வுக்குழு 1994இல் வெளியிட்ட அறிக்கையை மீண்டும் எடுத்துப் படிக்கலானோம்.

அரசாங்க அறிக்கைகளை இலக்கிய ஏட்டில் திறனாய்வு செய்வது தகுமா என்று வாசகர் வினவலாம். சட்டம் என்பது ஒரு சமுதாயம் தன்னைப் பற்றி எழுதிக்கொள்ளும் உரைநடை. அவ்வுரைநடையை யார் எழுதுகிறார்கள், எந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறார்கள் என்று கேட்பது திறனாய்வாளரின் வேலையே. லார்டு வால்டன் என்னும் நரம்பியல் மருத்துவரின் தலைமையில் அமைந்த அக்குழுவில் நீதியரசர் இருந்தார்; வழக்கறிஞர் இருந்தனர்; யார்க் பேராயர் இருந்தார்; மேரி வார்னாக் என்னும் மெய்யியலாளர் இருந்தார். அவர்களுக்கு நடுவே ஒரு செவிலியரும் இருந்தார். அவரைப் பற்றியே நாம் எழுத முற்படுகிறோம்.

ஜீன் மக்ஃபார்லேன் அம்மையார் 1926இல் கார்டிஃபில் பிறந்தவர். லண்டனின் புனித பர்த்தலோமேயு மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி பெற்று, பின்னர் இல்லந்தோறும் சென்று நலம் பேணும் சுகாதாரச் செவிலியராகத் தம் சொந்த ஊரிலேயே உழைத்தவர். செவிலியருக்கு இரக்கம் போதும், அறிவு மருத்துவருக்குரியது என்று உலகம் எண்ணியிருந்த காலம் அது. (நம் ஊர்களில் அக்காலம் இன்னும் முடிந்தபாடில்லை.) 1970இல் அவர் வெளியிட்ட ஆய்வு நூல், செவிலியப் பணியின் தரத்தை எவ்வாறு அறிவது, எதைக்கொண்டு அளப்பது என்னும் கேள்வியை எழுப்பியது. 1974இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில், இங்கிலாந்தின் முதல் செவிலியப் பேராசிரியராக அவர் அமர்த்தப்பட்டார். 1976 முதல் 1979 வரை தேசிய சுகாதாரப் பணியை ஆராய்ந்த அரச ஆணையத்தில் பணியாற்றினார். 1979இல் வாழ்நாள் பெருமாட்டியாகப் பிரபுக்கள் சபையில் அமர்ந்தார். நம் கத்தோலிக்கத் திருச்சபையினர் அல்லர், ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர். 2012இல் இறைவனடி சேர்ந்தார்.

வாழ்க்கைக் குறிப்பை இவ்வளவில் நிறுத்துவோம். அவருடைய வாழ்நாள் வாதம் ஒன்றுண்டு. பராமரிப்பு என்பது நல்ல மனத்தின் மிகுதி மட்டும் அன்று. அது கற்கத்தக்க, கற்பிக்கத்தக்க, சோதிக்கத்தக்க ஓர் அறிவு. ஒருவரைப் புரட்டிப் படுக்கவைப்பதிலும், உணவை மறுக்கும் வாயினருகே கரண்டியைப் பிடித்துக் காத்திருப்பதிலும் அறிவு உண்டு. இவ்வாதத்தை ஏற்றுக்கொண்டால், இறப்பைப் பற்றிய சட்டம் இயற்றும் மேசையில் செவிலியருக்கு இடமளிப்பது கருணைச் செயலாகாது. அவரிடமுள்ள அறிவு இல்லாமல் சட்டம் குறையுடையதாகும் என்பதனாலேயே அவர் அழைக்கப்பட வேண்டியவராகிறார்.

அக்குழு அமைந்த சூழல் கொந்தளிப்பானது. தீராத வாதநோயால் துடித்த மூதாட்டி ஒருவருக்குப் பொட்டாசியம் குளோரைடு செலுத்திய மருத்துவர் 1992இல் கொலை முயற்சிக் குற்றவாளியெனத் தீர்ப்புப் பெற்றார். 1989இல் ஹில்ஸ்பரோ விளையாட்டரங்க நெரிசலில் மூளை சிதைந்து நினைவற்றுக் கிடந்த டோனி பிளாண்ட் என்னும் இளைஞரின் குழாய்வழி உணவை நிறுத்தலாம் என்று 1993 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமாக இருந்த அதே பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நாடு இரு கூறாகப் பிரிந்து வாதிட்டது. கருணைக்கொலையைச் சட்டமாக்கியே தீரவேண்டிய நாள் வந்துவிட்டது என்று பலர் எண்ணினர். குழுவினர் நெதர்லாந்து சென்று அங்குள்ள நடைமுறையையும் நேரில் கண்டனர். அதன் பின்னர் அவர்கள் ஒருமனதாகக் கூறியது, வேண்டாம் என்பதே.

அவர்கள் அதற்குக் காட்டிய காரணங்களைக் கவனிக்க வேண்டும். வேண்டுமென்றே கொல்லலாகாது என்னும் தடையே சட்டத்தின் மூலைக்கல். அதனை ஓரிடத்தில் தளர்த்தினால் எல்லை வகுக்க இயலாது. முதியோர், தனித்திருப்போர், நோயுற்றோர், மனமுடைந்தோர் ஆகியோர் தாம் கேட்டே தீரவேண்டும் என்னும் நெருக்கத்தை உணர்வர். ஒருவரின் இறப்பு அவருக்கு மட்டும் உரியதன்று. இவையே அவர்களின் வாதங்கள். இறைவன் என்னும் சொல்லை அவை சார்ந்திருக்கவில்லை. இதுவே அறிக்கையின் குறை என்று நம் அருட்பணியாளர் சிலர் கருதுவதை அறிவோம். வாழ்வு இறைவனின் கொடை என்று சொல்லாமல் எல்லை வகுக்க இயலாது என்று மட்டும் சொன்னால், நாளை ஒருவன் நல்ல எல்லை ஒன்றை வகுத்துக்கொண்டு வந்தால் என்ன செய்வீர்கள் என்பது அவர்கள் கேள்வி. வலுவான கேள்விதான். அதே குழுவில் கையொப்பமிட்ட வார்னாக் அம்மையார் பிற்காலத்தில் தம் கருத்தை மாற்றிக்கொண்டு உதவிபெற்ற மரணத்தை ஆதரித்தார் என்பது அதற்குச் சான்றாகவும் நிற்கிறது.

ஆயினும் நாம் அவ்வளவு எளிதில் இணங்க மாட்டோம். அறிக்கையின் மறுபாதியைப் படிக்காதவர்களே அவ்வாறு பேசுவர். கொல்வதை மறுத்த அதே மூச்சில், வலிதணிப்புப் பராமரிப்பை நாடெங்கும் வளர்க்க வேண்டும் என்று குழு வற்புறுத்தியது. வலியைத் தணிக்கத் தரும் மருந்து ஆயுளைச் சற்றுக் குறைக்கக் கூடுமாயினும், நோக்கம் தணிப்பதே என்றால் அது கொலையாகாது என்றது. இதனைத் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1957 பிப்ரவரியில் மயக்க மருத்துவரிடம் உரைத்ததை நாம் குருமடத்தில் இரட்டை விளைவுக் கோட்பாடு என்ற தலைப்பில் மனப்பாடம் செய்தோம். தேர்வில் நன்றாகவே எழுதினோம். அக்கோட்பாடு ஒரு மருந்துப் புட்டியாகவும், நள்ளிரவில் அதை அளந்து தரும் ஒரு கையாகவும் இருக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் நமக்குச் சொல்லவில்லை.

குழு அறிக்கையில் தனிக்குரல் ஒலிப்பதில்லை. எந்த வரி எவருடையது என்று பிரித்தெடுப்பது முறையுமன்று. எனினும், பிறருக்குச் சுமையாகிவிட்டோமோ என்று ஏங்கும் நோயாளிக்குச் சமுதாயம் அனுப்பவேண்டிய செய்தி, உம்மைக் கவனித்துக்கொள்வோம் என்பதாக இருக்க வேண்டும் என்னும் பகுதியைப் படிக்கையில், வீடு வீடாக ஏறி இறங்கிய ஒரு சுகாதாரச் செவிலியரின் அனுபவம் அம்மேசையில் வீணாகவில்லை என்றே கருதுகிறோம்.

இதை நாம் துணிந்து சொல்வதற்குக் காரணமுண்டு. நம் பங்கில் ஒரு மூதாட்டி, நற்கருணை கொண்டுசெல்லும் ஒவ்வொரு முதல் வெள்ளியும், "சாமி, என்னைச் சீக்கிரம் எடுத்துக்கச் சொல்லி ஆண்டவர்கிட்டக் கேளுங்க" என்பார். நாமும் துன்பத்தின் மீட்புப் பொருள் பற்றி இரண்டு வார்த்தை சொல்லி, நோயில்பூசுதல் தந்து, திரும்பிவிடுவோம். ஒருநாள் மருத்துவப் பணி செய்யும் அருட்சகோதரி ஒருவர் உடன் வந்தார். அவர் செபம் முடிந்ததும் போர்வையை விலக்கினார். இடுப்பின் கீழே உள்ளங்கை அகலத்திற்குப் படுக்கைப்புண். மருமகள் கூலி வேலைக்குச் சென்று திரும்பும்வரை புரட்டிவிட ஆளில்லை. சகோதரி வாரம் மூன்று முறை வந்து புண்ணைக் கழுவிக் கட்டினார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் புரட்டக் கற்றுக்கொடுத்தார். அதன் பின்பும் பாட்டி சாவைப் பற்றிப் பேசாமல் இல்லை. ஆனால் அதற்கு முன்பாக, காப்பியில் சர்க்கரை குறைவு என்று மருமகளைத் திட்டத் தொடங்கியிருந்தார். ஐந்து மாதங்களாக நாம் கேட்ட வேண்டுகோளை அச்சகோதரி பத்து நிமிடங்களில் படித்துவிட்டார். நாம் போர்வையை விலக்கிப் பார்க்கவில்லை.

நம் நாட்டு நீதிமன்றமும் ஒருமுறை இவ்வறிவுக்குச் செவிசாய்த்தது. 1973இல் கொடிய தாக்குதலுக்குள்ளாகி நினைவிழந்த மும்பைச் செவிலியர் அருணா ஷான்பாகை இறக்க விடுமாறு எழுத்தாளர் ஒருவர் தொடுத்த வழக்கில், 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் அவர் சார்பில் பேசும் உரிமை கே.இ.எம். மருத்துவமனை ஊழியர்களுக்கே உண்டு என்றது. ஆண்டுக்கணக்கில் அவருக்கு ஊட்டியும் குளிப்பாட்டியும் வந்த செவிலியர் அவர் வாழ வேண்டும் என்றனர். 2015 மே மாதம் இறக்கும்வரை அவர்களே பேணினர். தக்க பாதுகாப்புகளுடன் உயிர்காக்கும் கருவியை விலக்கலாம் என்றும் அதே தீர்ப்பு கூறியதை மறைக்க வேண்டியதில்லை.

1994ஆம் ஆண்டு அறிக்கையில் நாம் உடன்பட இயலாத இடமும் உண்டு. பிளாண்ட் வழக்கைப் போன்றவற்றில் குழாய்வழி உணவு மருத்துவச் சிகிச்சையா, அடிப்படைப் பராமரிப்பா என்பதில் குழு பிளவுபட்டு நின்றது. செவிலியர் ஒருவர் வீற்றிருந்த குழு, உணவூட்டுதல் எதன்பாற்படும் என்பதில் தெளிவு காணாமற் போனது நமக்கு வருத்தமே. திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல் 2004 மார்ச் 20 அன்று, அது கொள்கையளவில் இயல்பான பராமரிப்பே என்று கூறினார். அப்பதில் வர இன்னும் பத்தாண்டுகள் இருந்தன என்பதையும் நேர்மையாக நினைவுகூர வேண்டும்.

அம்மையாரின் தொழில்துறை அவர் வாழ்நாளிலேயே நிலைமாறியது. உதவிபெற்ற மரணத்தை எதிர்த்துவந்த பிரிட்டனின் அரச செவிலியர் கல்லூரி 2009 ஜூலையில் நடுநிலை என அறிவித்தது. அதைக் கோழைத்தனம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் இறப்போர் அருகே இரவெல்லாம் விழித்திருப்போர் தம்முள் உடன்பாடு காணாதபோது, பகலில் பத்து நிமிடம் வந்துபோகும் நாம் அவர்களைப் பழிக்குமுன் சற்றுத் தயங்கவேண்டும். நடுநிலை நமக்கு ஏற்புடையதன்று. ஆனால் அதற்குள் களைப்பும் ஆள்பற்றாக்குறையும் ஒளிந்திருக்கின்றனவா என்று கேட்காமல் அதைக் கண்டிப்பது பாதிக் கண்டனமே.

அண்மைய மசோதாவில் நம்மை உறுத்தியது இதனோடு தொடர்புடையது. உயர் நீதிமன்ற நீதிபதியின் ஒப்புதலுக்குப் பதிலாக, ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஆராய மூவர் குழு ஒன்றை மக்களவை அம்மசோதாவில் சேர்த்தது. சட்டம் அறிந்தவர் ஒருவர், மனநல மருத்துவர் ஒருவர், சமூகப் பணியாளர் ஒருவர். செவிலியர் இல்லை. ஒருவர் சாவைக் கேட்கிறார் என்றால் எதைக் கேட்கிறார் என்று போர்வையை விலக்கிப் பார்க்கத் தெரிந்தவருக்கு அங்கே நாற்காலி போடவில்லை. 1994இல் தேர்வுக்குழுவின் மேசையில் அந்நாற்காலி இருந்தது.

நம் குருமடங்களில் அறநெறி இறையியல் கற்பிக்கும் அருட்தந்தையர்க்கு ஒரு வேண்டுகோள். 1980ஆம் ஆண்டு உரோமை அறிக்கையையும் 'வாழ்வின் நற்செய்தி' சுற்றுமடலையும் படிப்பிக்கும் அதே வாரத்தில், இப்பழைய அறிக்கையின் வலிதணிப்புப் பகுதியையும் மாணவர் கையில் கொடுங்கள். அன்று வகுப்பெடுக்க, பக்கத்து மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து வரும் செவிலியர் ஒருவரை அழையுங்கள். அவர் வரும்போது சற்றுத் தாமதமாகலாம்.