பாதுகாப்புக் கடிதமும் தலைக்கணக்கும்

1

மீட்பர்களைப் பற்றி எழுதுவது எல்லோருக்கும் வசதியான காரியம். மீட்கப்பட்டவர்களைப் பற்றி எழுத வேண்டிய அவசியமில்லாமல் போய்விடுகிறது. இரண்டாம் உலகப்போரில் கத்தோலிக்கத் திருச்சபையின் தூதுவர்கள் அகதிகளுக்காக என்ன செய்தார்கள் என்பது பற்றி நம்மிடையே புழங்குபவை இரண்டே கதைகள்தாம். ஒன்று பிரசங்க மேடைக் கதை: இன்னின்ன ஆயர் இத்தனை ஆயிரம் பேரைக் காப்பாற்றினார், ஆகவே திருச்சபை காப்பாற்றியது. மற்றது முற்போக்கு முகாமின் கதை: பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் வாய் திறக்கவில்லை, ஆகவே திருச்சபை முழுதும் கள்ள மௌனம் சாதித்தது.

இரண்டாவது கதைக்கு இலக்கிய வடிவம் தந்தவர் ரோல்ஃப் ஹோஹூத். 'பிரதிநிதி' என்று பொருள்படும் அவருடைய ஜெர்மானிய நாடகம் 1963இல் பெர்லினில் மேடையேறியது. அதன் முதல் காட்சி பெர்லினிலுள்ள பாப்பரசரின் தூதரகத்தில் நடக்கிறது. நாஜிப் படை அதிகாரி கெர்ஸ்டைன் வலிய உள்ளே நுழைந்து, கொலை முகாம்களில் நடப்பதைச் சொல்லுகிறார். தூதுவர் அதைக் கேட்க மறுக்கிறார். காட்சி கூர்மையானதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஹோஹூத் ஏன் பெர்லினைத் தேர்ந்தார் என்று கேட்டுப் பாருங்கள். அதே காட்சியை 1944ஆம் ஆண்டு புடாபெஸ்டில் வைத்திருந்தால் நாடகம் வேறொன்றாகியிருக்கும். அங்கே தூதுவராக இருந்தவர் ஆஞ்சலோ ரோட்டா.

நம்மவர்களுக்குப் புனிதர் வேண்டும், இல்லையென்றால் துரோகி வேண்டும். இந்த எதிர்மையைக் கட்டவிழ்க்காமல் எந்த மீட்புக் கதையையும் வாசிக்க முடியாது. தூதுவர் நல்லவரா கெட்டவரா என்பதல்ல என் கேள்வி. அவர் கையிலிருந்த காகிதம் என்ன செய்தது, எந்த இடம் வரை செய்தது, எங்கே செல்லாமல் போனது என்பதே.

2

ரோட்டா 1872இல் மிலானில் பிறந்தவர். மத்திய அமெரிக்காவிலும் துருக்கியிலும் திருச்சபைத் தூதராக இருந்துவிட்டு 1930இல் ஹங்கேரிக்கு வந்தார். வழக்கமான ராஜதந்திரியின் வாழ்க்கை: வரவேற்பு விருந்து, குறிப்பாணை, ரோமாபுரிக்கு அறிக்கை. 1944 மார்ச் 19இல் ஜெர்மன் படை ஹங்கேரிக்குள் புகுந்தபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

மே 15இல் ஆஷ்விட்ஸுக்கு ரயில்கள் புறப்படத் தொடங்கின. அன்றைக்கே ரோட்டா ஹங்கேரி அரசுக்கு எழுத்துமூலம் கண்டனம் தெரிவித்தார். நாடு கடத்தல் என்பதற்கு நடைமுறையில் என்ன அர்த்தம் என்று உலகத்துக்கே தெரியும் என்பது அதன் சாரம். ராஜதந்திர மொழியில் இவ்வளவு பச்சையாகப் பேசுவது அபூர்வம். ஜூன் 25இல் பாப்பரசர் ஹங்கேரியின் ஆட்சித் தலைவர் ஹோர்த்திக்கு வெளிப்படையான தந்தி அனுப்பினார். பிற நாடுகளின் நெருக்குதலும் சேர்ந்துகொள்ள, ஜூலை முதல் வாரத்தில் ஹோர்த்தி நாடு கடத்தலை நிறுத்தினார். அதற்குள் சுமார் 4,37,000 பேர் போய்விட்டிருந்தார்கள். நாட்டுப்புறத்து யூதர்கள் ஏறக்குறைய முழுதுமாகத் துடைக்கப்பட்டுவிட்டார்கள். மிஞ்சியது தலைநகரம்.

அக்டோபர் 15இல் அம்புக்குறிக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. அதன் பிறகுதான் பாதுகாப்புக் கடிதங்களின் கதை. இந்தக் கடிதம் வைத்திருப்பவர் பாப்பரசர் தூதரகத்தின் பாதுகாப்பில் இருக்கிறார் என்பதுதான் வாசகம். அரசு அனுமதித்த எண்ணிக்கை 2,500. ரோட்டா வழங்கியது 15,000க்கும் மேல். அவருடைய உதவியாளர் ஜென்னாரோ வெரோலினோவும், 22 வயது குருமாணவர் திபோர் பரான்ஸ்கியும் கடிதங்களைத் தூக்கிக்கொண்டு வீதிகளுக்கும், எல்லையை நோக்கி நடத்திச் செல்லப்பட்டவர்களிடத்துக்கும் போனார்கள். அதே நகரத்தில் ஸ்வீடனின் வாலன்பெர்க்கும் சுவிட்சர்லாந்தின் கார்ல் லூட்ஸும் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். இஸ்தான்புல்லில் தூதராக இருந்த ரொங்காலி, அதாவது பின்னாளில் பாப்பரசரான இருபத்து மூன்றாம் அருளப்பர், பாலஸ்தீனத்துக்கான குடியேற்றச் சான்றுகளை ரோட்டாவுக்கு அனுப்பி உதவினார். 1997இல் இஸ்ரேலின் யாத் வஷேம் நினைவகம் ரோட்டாவைக் கௌரவித்தது.

சரி, இனி வாசிப்போம். முதலாவது, ரோட்டாவின் குறிப்பாணைகளில் ஒரு படிநிலை இருக்கிறது. இனத்தின் பேரால் மனிதரை வேட்டையாடுவது தவறு என்ற பொதுவிதி ஒருபுறம். ஞானஸ்நானம் பெற்ற யூதர்களுக்கான சிறப்பு வேண்டுகோள் மறுபுறம். 'நம்முடைய ஆட்கள்' என்று உரிமை கோர முடிந்தவர்களுக்காக வாதாடுவதுதான் தூதருக்குச் சட்டம் விட்டுவைத்த சந்து. அந்தச் சந்துக்குள் நுழைந்தவுடன், தண்ணீர் தெளிக்கப்பட்ட தலை, தெளிக்கப்படாத தலை என்ற பாகுபாட்டுக்குள்ளும் நுழைந்தாகிவிட்டது. 2,500 என்ற எல்லையை மீறியபோதுதான் அந்தப் பாகுபாடு கொஞ்சம் கிழிந்தது. அவருடைய பெருமை இந்த மீறலில் இருக்கிறதே தவிர, அவர் வகித்த பதவியில் இல்லை.

இரண்டாவது, உள்ளூர்த் திருச்சபை. ஹங்கேரியின் தலைமை ஆயர் கர்தினால் செரேடி எழுதிய சுற்றுமடல், அரசோடு பேரம் பேசியபின் கோயில்களில் வாசிக்கப்படாமல் நிறுத்தப்பட்டது. அவருடைய தயக்கத்தை ரோட்டா கண்டித்தார். தேசத்தோடு இரத்த உறவு கொண்ட திருச்சபை, தேசம் கொலை செய்யும்போது தொண்டை அடைத்துக்கொள்கிறது. வெளியாள் பேச முடிகிறது.

மூன்றாவதுதான் முக்கியம். அந்தக் கடிதத்துக்கு ஏன் மதிப்பிருந்தது? ரோட்டாவின் புனிதத்தாலா? இல்லை. கட்சியின் புதிய அரசுக்கு உலக அங்கீகாரம் வேண்டியிருந்தது. வத்திக்கானும் ஸ்வீடனும் நம்மை ஓர் அரசாக ஏற்க வேண்டும் என்ற ஆசை அதற்கு இருந்தது. கொலைகாரனின் அந்த ஆசையில்தான் காகிதம் தொங்கிக்கொண்டிருந்தது. ஆசை வற்றிய இரவுகளில், கடிதம் வைத்திருந்தவர்களையும் பாதுகாக்கப்பட்ட வீடுகளிலிருந்து இழுத்துப் போய் டான்யூப் கரையில் சுட்டார்கள். காகிதத்தின் அதிகாரம் காகிதத்தில் இல்லை. எதிரே நிற்கும் அரசு எதை விரும்புகிறது, எதற்குப் பயப்படுகிறது என்பதில் இருக்கிறது.

3

இதையெல்லாம் ஆரணியாற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு ஏன் பேச வேண்டும்? காரணம் இருக்கிறது. இந்த ஆறு பழவேற்காட்டில் கடலைச் சேருகிறது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் அதுதான். அங்கிருந்து துணியும் போயிற்று, அடிமைகளாக விற்கப்பட்ட நம் சனங்களும் போனார்கள். அதே டச்சுக் கம்பெனி 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்துக் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தது. 1670இல் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு மருதமடுக் காட்டுக்குள் ஓடின என்பது மரபு. ஆக, மடு மாதாவே ஓர் அகதி.

1990இல் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியபின் மடுக் கோயில் வளாகத்தில் ஐ.நா. அகதிகள் ஆணையம் நிவாரண மையம் திறந்தது. பல்லாயிரம் பேர் மரத்தடிகளில் வருடக்கணக்கில் குடியிருந்தார்கள். இங்கே காகிதம் கிடையாது, இடம்தான் பாதுகாப்பு. அந்த இடமும் 1999 நவம்பர் 20இல் எறிகணைக்கு இலக்காகிச் சுமார் 40 பேர் செத்தார்கள். 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது குருக்கள் மாதா சொரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். மாதா இரண்டாந்தரம் இடம்பெயர்ந்தாள்.

2009இல் வன்னிக்கு ஒரு ரோட்டா வாய்க்கவில்லை. வத்திக்கான் பேசாமலிருந்தது என்று சொல்ல முடியாது. பதினாறாம் பெனடிக்ட் 2009 பிப்ரவரியில் சண்டையில் சிக்கிய மக்களுக்காகப் பகிரங்கமாக வேண்டினார். ஆனால் கொழும்புக்கு அங்கீகாரப் பசி இல்லை. அது ஏற்கெனவே எல்லோராலும் ஏற்கப்பட்ட அரசு; இந்தியாவும் சீனாவும் மேற்கும் அதன் பக்கம் நின்றன. புடாபெஸ்டில் காகிதம் தொங்கிய ஆணி இங்கே சுவரிலேயே இல்லை.

இதன் மறுமுனையில் ஒரு கடிதம் இருக்கிறது. யாழ் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் ஜோசப் அடிகள், 2009 மே 10இல் வலைஞர்மடத்திலிருந்து பாப்பரசருக்கு எழுதியது. ரோட்டாவின் கடிதம் தூதரகத்திலிருந்து தெருவுக்கு இறங்கி வந்தது. இது பதுங்குகுழியிலிருந்து ரோமாபுரிக்கு ஏறிப் போனது. மே 18இல் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு அவரும் இருந்தார். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. மீட்புக் கதைகளின் வாசகர்கள் முதலில் வாசிக்க வேண்டியது இந்தக் கடிதத்தை என்பேன்.

4

மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் தூதுவர் அல்ல. 1992இலிருந்து 2016 வரை ஒரு சிறு மறைமாவட்டத்தின் மேய்ப்பர். 2021 ஏப்ரல் 1இல் மறைந்தார். அவர் செய்தது ஒரு கழித்தல் கணக்கு. 2011 ஜனவரி 8இல், அரசே அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அதை வைத்தார். 2008 அக்டோபர் தொடக்கத்தில் முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டச் செயலகங்களின் பதிவுப்படி வன்னியில் இருந்தவர்கள் 4,29,059. 2009 ஜூலை 10 வரை அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள், ஐ.நா.வின் கணக்குப்படி 2,82,380. மீதி 1,46,679 பேருக்கு என்னவாயிற்று?

அத்தனை பேரும் கொல்லப்பட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை, கவனியுங்கள். கணக்குச் சொல் என்றுதான் கேட்டார். போர் நடந்தபோது சிக்கியிருந்தவர்கள் 70,000 பேர் அளவில் என்று இந்திய நாடாளுமன்றத்திலேயே 2009 பிப்ரவரியில் வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜி சொன்னார். எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னால் சோறும் மருந்தும் குறையும். சாவும் கணக்கில் வராது. எண்ணிக்கை என்பதே கொலைக் கருவியாக இருந்த இடத்தில் ஆயர் அரசின் சொந்தப் பதிவேட்டை எடுத்து அரசின்மேலேயே திருப்பினார். ரோட்டா அரசின் ஒதுக்கீட்டைக் கள்ளத்தனமாகப் பெருக்கினார். இராயப்பு ஜோசப் அரசின் எண்ணை நாணயமாகக் கழித்தார். இரண்டும் அதிகாரத்தின் மொழிக்குள்ளேயே நடந்த எதிர்ப்புகள்.

இதோடு இன்னொருவரையும் வைத்துப் பார்க்க வேண்டும். கொழும்புக் கர்தினால் மால்கம் ரஞ்சித் முன்பு இந்தோனேசியாவில் பாப்பரசரின் தூதுவராக இருந்தவர், ராஜதந்திரம் தெரிந்தவர். 2012இல் ஜெனீவாத் தீர்மானம் வந்தபோது அதை உள்நாட்டு விவகாரத்தில் தலையீடு என்று எதிர்த்தார். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்த பிறகு, நீதி கேட்டு 2022 மார்ச்சில் அதே ஜெனீவாவுக்குப் போய்ப் பேசினார். அவர் போனது நியாயம். முன்பு எதிர்த்ததுதான் நியாயமில்லை. செரேடியின் தொண்டையை அடைத்தது எதுவோ அதுதான் இங்கேயும் அடைத்தது. இது தனிமனித ஒழுக்கக்கேடு அல்ல. தேசத் திருச்சபையின் கட்டமைப்பு. ஈழத்தமிழர் செத்தபோது அவர்கள் 'நம்முடைய ஆட்கள்' என்ற பட்டியலுக்கு வெளியே இருந்தார்கள், அவர்களில் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றிருந்தும்.

5

இப்போது நம் முற்றத்துக்கு வருவோம். கும்மிடிப்பூண்டியில் சிப்காட் ஆலைகளுக்குப் பக்கத்திலேயே 1990இலிருந்து ஈழ அகதிகள் முகாம் இருக்கிறது. புழலிலும் ஒன்று. 2021இல் தமிழக அரசு பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது, வீடுகளும் கட்டித் தந்தது; வரவேற்க வேண்டியதுதான். ஆனால் இங்கேயும் எண்ணுகிறார்கள். குறித்த நாளில் அதிகாரி வந்து குடும்ப அட்டையை வைத்துக்கொண்டு தலையை எண்ணுவார். வேலைக்கு வெளியூர் போனவன் அன்றைக்கு இல்லாவிட்டால் உதவித்தொகை போச்சு, விசாரணை வரும். இராயப்பு ஜோசப் எண்ணியது காணாமற் போனவர்களைத் தேட. இங்கே எண்ணுவது இருப்பவர்கள் நகராமலிருக்க.

காகிதத்தின் கதையும் அப்படியே. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. பாகிஸ்தானிலிருந்து வந்த இந்துவுக்கும் கிறிஸ்தவருக்கும் உண்டு, மன்னாரிலிருந்து வந்த இந்துவுக்கும் கிறிஸ்தவருக்கும் கிடையாது. எங்கிருந்து வந்தாலும் முஸ்லிமுக்குக் கிடையவே கிடையாது. 2025இல் மத்திய அரசு ஓர் ஆணை போட்டது: 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்மீது ஆவணமில்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை இல்லை. இதுதான் நமக்குக் கிடைத்த பாதுகாப்புக் கடிதம். தண்டிக்க மாட்டோம் என்கிறது. நீ இந்த ஊர்க்காரன் என்று சொல்லவில்லை.

முகாம்களில் இருப்பவர்களில் பெரும் பகுதியினர் மலையகத் தமிழர். அவர்களுடைய பாட்டன்மார் இங்கிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இரண்டு அரசுகள் அவர்களைத் தலை தலையாக எண்ணிப் பங்கு போட்டுக்கொண்டன. பிறகு கலவரத்தில் மலையிலிருந்து வன்னிக்கு ஓடி, வன்னியிலிருந்து இங்கே வந்தவர்களிடம் அந்தக் காகிதத்தை எடு என்கிறார்கள். 2019 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இப்படிப்பட்ட 65 பேரின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. மனுப் போட்டவர்கள் முகாம்வாசிகள். எந்தத் தூதுவரும் அவர்களுக்காகக் கையெழுத்திடவில்லை.

நம் இலக்கியத்தில் இதை முதலில் உணர்ந்தது ஷோபாசக்தியின் 'கொரில்லா' என்று நினைக்கிறேன். 2001இல் வந்த அந்த நாவல், பிரெஞ்சு அரசுக்கு அகதி எழுதும் தஞ்ச விண்ணப்பத்தோடு தொடங்குகிறது. கடிதம் இங்கே மீட்பரின் கையில் இல்லை, அகதியின் கையில் இருக்கிறது. பொய்யும் மெய்யும் கலந்து, அதிகாரிக்கு என்ன கேட்கப் பிடிக்குமோ அதை ஊகித்து எழுதப்பட்ட பிரதி. ஹோஹூத்தின் அந்த முதல் காட்சியில் அகதிக்கு இடமில்லை. அவனுக்காக இருவர் தர்க்கம் செய்கிறார்கள். 'கொரில்லா'வில் அவனே விண்ணப்பிக்கிறான்.

எனவே சிறுபத்திரிகைத் தோழர்களுக்கு ஒரு யோசனை. ரோட்டாவைப் பற்றி எழுதுங்கள், வாலன்பெர்க்கைப் பற்றியும் எழுதுங்கள். ஆனால் அதே இதழில், வலைஞர்மடத்துக் கடிதத்தையும், மன்னார் ஆயரின் வாக்குமூலத்தையும், மதுரைக் கிளைக்கு முகாம்வாசிகள் கொடுத்த மனுவையும் போடுங்கள். விமர்சனம் என்பது கவிதை, கதைக்கு மட்டும் என்று எவரும் சாசனம் எழுதித் தரவில்லை. இந்த மூன்று பிரதிகளையும் வரி வரியாக வாசிக்கப் பழகினால், அகதிக்கு இரக்கத்தோடு நிறுத்திக்கொள்வதா, குடியுரிமைக்காகத் தெருவில் இறங்குவதா என்ற கேள்விக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டிவரும். கும்மிடிப்பூண்டி முகாமில் பிறந்து, அங்கேயே கல்யாணம் செய்து, அங்கேயே பிள்ளை பெற்றுவிட்ட தலைமுறை அந்தப் பதிலைத்தான் முப்பது வருஷத்துக்கும் மேலாக நம்மிடம் கேட்டுக்கொண்டிருக்கிறது.