விலையின்றி வழங்கப்படும் நீர்

கணினி விளையாட்டுகளைத் திறனாய்வுக்கு உரியவையாக நம்மில் பலர் கருதுவதில்லை. சிறுவர் பொழுதுபோக்கு என்றோ வன்முறைப் பயிற்சி என்றோ ஒதுக்கிவிடுகிறோம். எனினும், நாவலைப் போலக் கதை சொல்லி, நாடகத்தைப் போல நம்மையே ஒரு பாத்திரமாக்கி, அப்பாத்திரத்தின் நன்மை தீமைகளை நம் கையிலேயே ஒப்படைக்கும் ஒரு கலைவடிவத்தை ஆராயாமல் விடுவது முறையாகாது. அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனம் 2008 அக்டோபரில் வெளியிட்ட 'ஃபால்அவுட் 3' அத்தகையதொரு படைப்பு. அதன் ஐந்து விரிவாக்கங்களும் 2009ஆம் ஆண்டில் அடுத்தடுத்து வந்தன. திருவிவிலியத்தின் ஓர் இறைவசனத்தை அச்சாகக் கொண்டு சுழலும் இக்கதையை, அவ்வசனத்தின் ஒளியிலேயே எடைபோட்டுப் பார்ப்போம்.

2077இல் மூண்ட அணுப்போரில் உலகம் எரிந்துபோயிற்று. இருநூறு ஆண்டுகள் கழிந்து, 2277இல், வாஷிங்டன் நகரத்து இடிபாடுகளிடையே கதை நிகழ்கிறது. நாயகன் பிறக்கும்போதே தாய் கேத்தரின் இறந்துவிடுகிறாள். அறிவியலாளரான தந்தை ஜேம்ஸ், குழந்தையை 101 என்னும் எண்ணுடைய நிலவறைக் காப்பகத்தில் வளர்க்கிறார். தாய் நேசித்த இறைவசனம் அவர்கள் இல்லத்துச் சுவரில் சட்டமிட்டுத் தொங்குகிறது. அது திருவெளிப்பாடு 21ஆம் அதிகாரத்தின் ஆறாம் வசனம். தாகத்தோடு வருபவரிடம் கடவுள் விலை கேட்பதில்லை, வாழ்வின் ஊற்றையே திறந்துவிடுகிறார் என்பது அதன் பொருள். வெளியுலகிலோ ஆறு, குளம், குழாய் அனைத்திலும் கதிர்வீச்சு கலந்த நீரே கிடைக்கிறது. ஜெஃபர்சன் நினைவு மண்டபத்தில் மாபெரும் சுத்திகரிப்பு நிலையமொன்றை எழுப்பி, அனைவர்க்கும் தூயநீர் வழங்குவதே பெற்றோர் இருவரும் கண்ட கனவு.

இவ்வுலகில் நாம் விரும்பிய திசையில் நடக்கலாம், யாருக்கும் உதவலாம், யாரையும் கொல்லவும் செய்யலாம். வெடிக்காத அணுகுண்டைச் சுற்றி எழுந்த மெகாடன் என்னும் ஊரைக் காப்பதும் நம் விருப்பம். கூலிக்காக அதை வெடிக்கச் செய்து ஊரையே அழிப்பதும் நம் விருப்பம். கொலைகளை மெதுவாக ஓடும் காட்சிகளாகச் சுவைபடக் காட்டும் இயல்பு இவ்வாட்டத்தின் பெருங்குறை. ஐரோப்பியத் தரப்படுத்தலில் இது பதினெட்டு வயது நிறைந்தோர்க்கே உரியது என்பதைப் பெற்றோர் மறத்தலாகாது.

நம் செயல்களை எல்லாம் 'கர்மா' என்னும் கணக்கொன்று கூட்டியும் கழித்தும் வருகிறது. ஊர்களின் வாயிலில் தூயநீர் வேண்டி இரப்போர் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்கு ஒரு குப்பி நீர் கொடுத்தால் கணக்கு உயர்கிறது. இதுவரை குறையில்லை. ஆனால் ரிவெட் சிட்டி என்னும் பழைய கப்பலில் புனித மோனிக்காவின் பெயரால் ஒரு கோயில் உள்ளது. அங்குக் காணிக்கை செலுத்தினாலும் அதே கணக்கு உயர்கிறது. கொலைகாரனும் மனம் திரும்பாமலே, காசைக் கொட்டியே நல்லவனாகிவிடலாம்! பலன்களை விலைபேசிய இத்தகைய தவற்றையே 1563இல் திரெந்து பொதுச்சங்கம் கண்டித்தது. விலையின்றி வழங்கப்படும் நீரைப் போற்றும் கதை, அறத்தை மட்டும் விலைக்கு விற்பது பெரும் முரண்பாடு.

இம்முரண்பாட்டைக் கதையின் முடிவு ஓரளவு ஈடுசெய்கிறது. நிலையத்தைக் கைப்பற்ற வந்த படையினரைத் தடுப்பதற்காக, ஜேம்ஸ் தம் அறைக்குள்ளேயே கதிர்வீச்சைப் பெருகவிட்டு உயிர் துறக்கிறார். கண்ணாடிக்கு வெளியே நின்று அதைக் கண்ட மகன், இறுதியில் அதே வாயிலின் முன் நிற்கிறான். உள்ளே சென்று எந்திரத்தை இயக்குபவர் பிழைப்பதில்லை. தானே செல்லலாம், அல்லது போர்வீராங்கனை சாரா லயன்ஸை அனுப்பலாம். எந்திரத்தைத் திறக்கும் எண் 2, 1, 6. தாய் நேசித்த வசனத்தின் எண்! உள்ளே சென்றால் நாயகன் இறக்கிறான்; ஆட்டமும் அத்துடன் முடிகிறது. பலநாள் உழைத்துச் சேர்த்த வலிமை, ஆயுதம், வீடு யாவும் மறைகின்றன. ஆடுபவர் உண்மையாகவே ஒன்றை இழந்தார் என்பதுதான் இம்முடிவின் பெருமை.

ஆனால் ஆடியோர் பலர் குறைகூறினர். அதில் நியாயமும் இருந்தது. கதிர்வீச்சால் தீங்குறாத ஃபாக்ஸ் என்னும் துணைவன் கதையில் வருகிறான். முன்னர் அத்தகைய கொடிய அறைக்குள் தானே சென்று நமக்கு வேண்டியதை எடுத்துத் தந்தவன், இறுதிவேளையில் மட்டும் அது நம் விதி என்று கூறி விலகி நிற்கிறான். தேவையில்லாத மரணம் தியாகமாகாது. உயிர் கடவுளின் கொடை என்று நம்பும் நாமும் இதை ஏற்கவே வேண்டும்.

2009 மே மாதம் வந்த 'புரோக்கன் ஸ்டீல்' என்னும் விரிவாக்கம் இதைச் சீர்செய்தது. ஃபாக்ஸ் இப்போது உள்ளே செல்ல இசைகிறான். கதைப்பிழை நீங்கியது. ஆயினும், நாயகனே உள்ளே சென்றாலும் அவன் இறப்பதில்லை. இரு வாரங்கள் மயங்கிக் கிடந்து எழுந்துவிடுகிறான். தன்னைக் கொடுத்தவனும் கொடாதவனும் ஒரே காலையில் கண்விழிக்கின்றனர். இதனை உயிர்ப்பின் சாயல் எனச் சிலர் கூறக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. உயிர்த்த ஆண்டவரின் உடலில் காயங்கள் இருந்தன. இந்நாயகனிடமோ கொடுத்ததன் அடையாளம் ஏதுமில்லை.

எனினும் இவ்விரிவாக்கத்தில் வேறொரு நன்மை விளைந்தது. முதல் ஆட்டம், நீர் சுரந்தது என்று கூறி முடிந்துவிட்டது. இதுவோ கொடையின் மறுநாளைக் காட்டுகிறது. தூயநீர் பீப்பாய்களில் நிரப்பப்பட்டு ஊர்தோறும் அனுப்பப்படுகிறது. வழியில் கொள்ளையர் தாக்குகின்றனர். நீரிலேயே மீண்டும் கதிர்வீச்சைக் கலந்து 'புனித நீர்' என வழங்கும் போலிச் சமயக்குழு ஒன்றும் தோன்றுகிறது. ஒருவர் ஒருமுறை உயிரீந்தால் எல்லாம் நிறைவுறும் என்ற எளிய எண்ணம் இங்கே தகர்கிறது.

ஏனைய விரிவாக்கங்களில் 'தி பிட்' ஒன்றே நீண்டு சிந்திக்கத் தக்கது. பிட்ஸ்பர்க் நகரத்து எஃகு ஆலையில் அடிமைகள் நோயுற்று உருக்குலைகின்றனர். அந்நோய்க்கான மருந்தைக் கவர்ந்து வா என்று அவர்களுள் ஒருவன் நம்மை அனுப்புகிறான். போராடி உள்ளே நுழைந்தால், அங்கே இருப்பது தொட்டிலில் கிடக்கும் ஒரு பெண்குழந்தை! நோய் தொற்றாத அக்குழந்தையின் உடலே மருந்துக்கு வழி. குழந்தையைத் தாய் தந்தையிடமிருந்து பறிப்பதா? அன்றி, அத்தந்தை அடிமைகளின் தலைவன் என்பதை அறிந்தும் அவன் பக்கம் நிற்பதா? நல்ல நோக்கம் தீய வழியைத் தூயதாக்குமா என்ற வினாவை எந்தக் கணக்கின் துணையுமின்றி நாமே சுமக்கிறோம். அலாஸ்கா போர்க்களத்தையும் மேரிலாந்துச் சதுப்பு நிலத்தையும் அயற்கோளத்தார் விண்கலத்தையும் காட்டும் மற்ற மூன்றும் பெரும்பாலும் புதிய இடங்களும் புதிய ஆயுதங்களுமே.

ஆகவே நம் தீர்ப்பு இது: கர்மாக் கணக்கைக் காட்டும்போது இப்படைப்பு தாழ்கிறது, குழந்தையின் தொட்டிலருகே நிறுத்தும்போது உயர்கிறது. இதை ஆடும் வளர்ந்த பிள்ளைகளிடம், எத்தனை பேரை வீழ்த்தினாய் என்று கேட்பதை விடுத்து, அவ்வறையின் வாயிலில் யாரை உள்ளே அனுப்பினாய், ஏன் அனுப்பினாய் என்று கேட்போம். அவர்கள் கூறும் விடையிலிருந்து நம் உரையாடல் தொடங்கட்டும்.