கூட்டுப் படைப்பும் தனிப் பெயரும்
இலங்கையின் நவீன வடிவமைப்புக் கலை பற்றிய ஒரு நோக்கு

இலக்கியத்தையும் நாடகத்தையும் சமூகவியல் நோக்கில் ஆராயப் பழகிவிட்ட நாம், வாழும் வீட்டையும் அமரும் கதிரையையும் அவ்வாறு நோக்குவது அரிது. ஆயின் மனிதன் அன்றாடம் கையாளும் கலைவடிவங்கள் இவையே. யாரால், யாருக்காக, எந்நிலைமைகளில் ஆக்கப்பட்டது என்ற வினா நாவலுக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவுக்கு வீட்டுக்கும் பொருந்தும். சுதந்திரத்தின் பின் இலங்கையில் உருவான நவீன வடிவமைப்பு இயக்கத்தை இவ்வினாவைக் கொண்டு மதிப்பிட இங்கு முயல்கின்றோம்.

1

இவ்வியக்கம் பற்றி எழுதுவோர் ஜெப்ரி பாவாவின் (1919-2003) பெயருடன் தொடங்கி அப்பெயருடனேயே முடித்துவிடுவதுண்டு. பாவாவின் ஆற்றலை நாம் மறுக்கவில்லை. எனினும் அவர் இலண்டனில் கட்டடக்கலைஞராகத் தகைமை பெற்ற 1957 ஆம் ஆண்டுக்கு முன்னரே இவ்வியக்கத்தின் அடிப்படைகள் இடப்பட்டுவிட்டன. மினெற் டி சில்வா (1918-1998) கண்டியில் 1949-1951 காலப்பகுதியில் அமைத்த கருணாரத்ன இல்லம், கொங்கிறீற்றையும் உள்நாட்டுக் கைவினைஞரின் நெசவையும் மட்பாண்ட வேலையையும் ஒருங்கிணைத்தது. அதன் சுவரில் ஜோர்ஜ் கீற்றின் ஓவியம் இடம்பெற்றது. ஓவியம், நெசவு, தளபாடம், கட்டடம் என்பன தனித்தனித் துறைகளல்ல என்ற கருத்து அவ்வில்லத்திலேயே செயலுருப் பெற்றதெனலாம்.

2

1960களின் தொடக்கத்தில் ஏற்பட்ட அந்நியச் செலாவணி நெருக்கடியால் கண்ணாடி, உருக்கு முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. பாவாவும் டென்மார்க்கைச் சேர்ந்த உல்றிக் பிளெஸ்னரும் இணைந்து பணியாற்றிய காலம் இதுவாகும். கொழும்பில் 1960-1962 இல் எழுந்த எனா டி சில்வா இல்லம் சுற்றுமதிலையும், நடுவே திறந்த முற்றத்தையும், அதனைச் சூழ்ந்த விறாந்தைகளையும் கொண்டது. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை அறிந்தவர்க்கு இவ்வமைப்பு அந்நியமானதன்று. அஸ்பெஸ்ரஸ் சீமெந்துத் தகட்டின் மேல் பழைய அரைவட்ட ஓட்டைப் பரப்பும் கூரைமுறையும் அக்காலத்தில் வகுக்கப்பட்டதே. தகடு மழையைத் தடுத்தது; ஓடு வெயிலைத் தாங்கியது. கட்டடத்தோடு சேர்த்துக் கட்டப்பட்ட சீமெந்து ஆசனங்களும் மேசைகளும் தளபாடத்துக்கும் சுவருக்குமிடையே இருந்த எல்லையை அழித்தன.

பற்றாக்குறையே இப்புதுமையை ஈன்றது என்று கூறிவிடுவது இலகு. ஆனால் அதே கட்டுப்பாடு நாட்டின் எல்லாக் கட்டடங்களையும் பாதித்தது, எல்லாமே கலையாகிவிடவில்லை. பொருளாதார நிலைமை வாய்ப்பை மாத்திரமே தந்தது. மேசனுக்கும் தச்சனுக்கும் கைவந்திருந்த நுட்பத்தைப் பின்தங்கிய எச்சமெனக் கருதாது, சமகாலத் தேவைக்குரிய அறிவென மதித்தமையே வாய்ப்பை வடிவமாக்கிற்று. இவ்வியக்கத்தின் முற்போக்கான அம்சம் இதுவே என்பது எமது கருத்து.

3

இவ்வடிவங்கள் பலரது கூட்டுழைப்பின் விளைவாகும். எனா டி சில்வாவின் பத்திக் துணிகள், லகி சேனாநாயக்கவின் சிற்பங்கள், பார்பரா சன்சோனியின் கைத்தறி நெசவு ஆகியன இன்றி இக்கட்டடங்களின் உட்புறங்களை நாம் எண்ணிப்பார்க்க இயலாது. எந்திரவியலாளரான கலாநிதி பூலோகசுந்தரம் ஏறத்தாழ இரு தசாப்தங்கள் பாவாவின் பங்காளராக இருந்தார். அவரது கணிப்பே கற்பனையைக் கட்டடமாக நிற்கச் செய்தது. எனினும் தமிழ் வாசகர்கூட அவரைச் சரிவர அறியார். இவர்களுக்கு அடுத்த படியில் உள்ளோர்க்குப் பெயரே இல்லை. சன்சோனியின் நெசவு முயற்சி கிராமத்துப் பெண்களுக்குத் தொழில் அளிக்கும் பொருட்டுக் கன்னியாஸ்திரிகள் மேற்கொண்ட பணியோடு தொடங்கியது. இன்று நிறத்தைத் தெரிந்தவரின் பெயர் நிலைத்திருக்கிறது; நெய்த கையின் பெயர் இல்லை.

தனிப் பெயரின் ஆதிக்கம் வரலாற்றைத் திரிப்பதோடு நின்றுவிடுவதில்லை. எது காக்கப்படும், எது அழியும் என்பதையும் அதுவே நிர்ணயிக்கின்றது. எனா டி சில்வா இல்லம் 2009 இல் விற்கப்பட்டபோது பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டுப் பென்தோட்டைக்கு அருகிலுள்ள லுணுகங்கையில் மீளக் கட்டப்பட்டது. அது பாராட்டற்குரிய பணியே. ஆனால் மினெற் டி சில்வாவின் ஆக்கங்கள் பல கவனிப்பாரற்றுச் சிதைந்தன.

4

யாருக்காக என்ற வினாவே கடினமானது. 1969 இல் நிறைவுற்ற பென்தோட்டை கடற்கரை ஹோட்டலின் வரவேற்புக் கூடத்திற்கு எனா டி சில்வாவின் பத்திக் விதானமாயிற்று. கண்டலமை ஹோட்டல் 1990களின் முற்பகுதியில் எழுந்தபோது, குளத்து நீரை நம்பி வாழ்ந்த விவசாயிகளும் பௌத்த பிக்குகளும் எதிர்ப்புத் தெரிவித்தனர். பாறையோடும் காட்டோடும் இயைந்து மறையும் அக்கட்டடம் கலை நோக்கில் பெருஞ் சாதனையே. எனினும் உள்ளூர் மக்களின் வாழ்விலிருந்து பெற்ற முற்றமும் விறாந்தையும் ஓடும் அம்மக்கள் தங்கமுடியாத விடுதிகளில் நுகர்பொருளாயின.

அரசர் ஆதரவில் எழுந்தமையால் கோயிற் சிற்பங்களை நாம் ஒதுக்குவதில்லையே என ஒருவர் வினவலாம். நியாயமான வினாவே. புரவலரின் வர்க்கத்தைக் கொண்டு கலையின் தரத்தை அளக்க முடியாது. ஆனால் தரத்தை ஒப்புக்கொண்டபின், அதன் பயன் எவரைச் சென்றடைந்தது என்று கேட்பதும் விமர்சனத்தின் கடனே.

கோட்டேயில் 1982 இல் திறக்கப்பட்ட பாராளுமன்றம் இம்முரண்பாட்டின் உச்சம். தியவன்னா நீரின் நடுவே செப்புக் கூரைகளுடன் அது எழுந்தது. அவையின் நடுவே லகி சேனாநாயக்க வடிவமைத்த சரவிளக்கு தொங்குகின்றது. ஆளும் தரப்பும் எதிர்த் தரப்பும் நேர்முகமாக அமர இடமுண்டு. ஆயின் 1983 ஆகஸ்ட்டில் அங்கு நிறைவேறிய ஆறாவது திருத்தத்தின் விளைவாக, அது வேண்டிய சத்தியப்பிரமாணத்தை ஏற்காத தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் தம் ஆசனங்களை இழந்தனர். பிரதிநிதித்துவத்திற்கென அமைந்த மண்டபம் ஒரு மக்கட் பிரிவினரின் பிரதிநிதிகளின்றி இயங்கிற்று. இதனைக் கட்டடக்கலைஞரின் குற்றமெனக் கூறோம். உருவம் எத்துணைச் செம்மையாயினும் சமூக உள்ளடக்கத்தை அதனால் ஈடுசெய்ய முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

5

இவ்வியக்கத்தில் வேறொரு வழியும் இருந்தது. 1958 அளவில் கண்டி வட்டபுளுவவில் அரசாங்க ஊழியர்க்கென ஏறத்தாழ 250 வீடுகள் கொண்ட திட்டத்தை மினெற் டி சில்வா மேற்கொண்டார். பல்வேறு இன, மதத்தினரான அவ்வூழியரிடம் வினாக்கொத்து மூலம் அவர்தம் தேவைகளையும் பழக்கவழக்கங்களையும் கேட்டறிந்த பின்னரே வீட்டு வகைகள் வகுக்கப்பட்டன. விடுதிகளின் கவர்ச்சி இவ்வீடுகளுக்கு இல்லாதிருக்கலாம். ஆனால் இங்கு பயன்படுத்துவோர் படைப்பில் பங்குகொண்டனர்.

ஆகவே வடிவமைப்பின் புதுமையை வளைவிலும் வண்ணத்திலும் மாத்திரம் தேடுதல் போதாது. கைவினைஞரின் அறிவையும் குடியிருப்போரின் சொல்லையும் ஒருசேர மதித்த கணங்களிலேயே அப்புதுமை முழுமை பெற்றது. போரினாலும் கடற்கோளினாலும் வீடிழந்த எம்மக்களுக்கு ஒரே அச்சில் வார்த்த வீடுகள் பல வழங்கப்பட்டதைக் கண்டவர்கள் நாம். எத்தகைய வீடு வேண்டுமென அவர்களிடம் கேட்டிருக்க வேண்டும் என்பதை வட்டபுளுவ அறுபது ஆண்டுகளுக்கு மேலாக உணர்த்தி நிற்கின்றது.