ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது பழமொழி. படித்தவனைப் பார்த்து உழைப்பவன் சொல்லும் சொல் அது. போர்வீரரிடையே இவ்வெண்ணம் இன்னும் வலுவுடையது. களத்தில் நிற்பவனுக்குத் துணிவு போதாதா, கணிதமும் பௌதிகமும் எதற்கு என்று கேட்பவர் எந்நாட்டுப் படையிலும் உண்டு. இவ்வினாவுக்கு விடை தரும் நூல் ஒன்று உளது. அமெரிக்க விமானத் தளபதி ஜேம்ஸ் டூலிட்டில், கரோல் கிளைன்ஸ் என்பாருடன் சேர்ந்து எழுதி 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட தன்வரலாறே அது. ‘இத்தகைய நற்பேறு எனக்கு இனி வாய்க்காது’ என்னும் பொருளுடையது நூலின் பெயர்.

டூலிட்டில் என்றதும் பலருக்கு நினைவு வருவது 1942 ஏப்ரல் 18. சிங்கப்பூர் வீழ்ந்து இரண்டு மாதமே ஆகியிருந்த வேளையில், கப்பலிலிருந்து 16 குண்டுவீச்சு விமானங்களைக் கிளப்பிச் சென்று அவர் ஜப்பானைத் தாக்கிய நாள் அது. நூலைக் கையில் எடுப்பவர் அப்பகுதியைத்தான் முதலில் தேடுவர். ஆனால், நூலின் உயிர் அங்கே இல்லை. அவர் மாணவராயிருந்த ஆண்டுகளைச் சொல்லும் பகுதியிலேயே அது இருக்கிறது.

விமானப் பொறியியலை அதிகாரிகளுக்குக் கற்பிக்க, அமெரிக்கத் தரைப்படை 1919ஆம் ஆண்டில் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் ஒரு பள்ளியை நிறுவியது. அதுவே பின்னர் விமானப்படையின் உயர் தொழில்நுட்பக் கழகமாக வளர்ந்தது. அப்பள்ளியில் தேறிய டூலிட்டிலை, 1923ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குப் படை அனுப்பி வைத்தது. 1924இல் முதுநிலைப் பட்டமும், 1925இல் டாக்டர் பட்டமும் பெற்றார்.

முதற் பட்டத்துக்கு அவர் செய்த ஆராய்ச்சி உயிரைப் பணயம் வைத்தது. விமானம் செங்குத்தாகப் பாய்ந்து நிமிரும்போதும், வேகமாகத் திரும்பும்போதும் இறக்கைகள்மீது எவ்வளவு பளு ஏறுகிறது? இதைக் காண, அளவு கருவியொன்றை விமானத்தில் பொருத்திக்கொண்டு 1924 மார்ச்சில் பறந்தார். இயல்பான எடையைப்போல் ஏழு மடங்குக்கு மேல் பளு ஏறியது. இறக்கையின் உட்கட்டை விரிசல் கண்டது. அப்பளு நீடித்தால் விமானியின் கண்பார்வை மங்கும் என்பதும் தெரிந்தது. வகுப்பறையில் இருந்தவர் இதை அளந்திருக்க முடியாது. துணிவு மட்டும் உடையவர் இதை அளக்க நினைத்திருக்கமாட்டார்.

டாக்டர் பட்டத்துக்குக் காற்றின் போக்கும் விமானத்தின் செயலும் பற்றி எழுதினார். விமானிகளுக்கு விளங்கவேண்டும் என்று முதலில் எளிய நடையில் எழுதியதைப் பேராசிரியர்கள் ஏற்கவில்லை. பின் கணிதத்தை நிறையச் சேர்த்தார்; பட்டம் கிடைத்தது. ஆனால் விமானிகளுக்கு அது பயன்படவில்லை என வருந்துகிறார். இந்த ஒப்புதல் நேர்மையானது. ஆயினும் முழு உண்மையாகாது. குற்றம் கணிதத்தினுடையதன்று. பேராசிரியருக்கு ஒன்று, தோழருக்கு ஒன்று என இரண்டு முறை எழுதவேண்டிய பொருள் அது. கற்றதைக் கல்லாதவர்க்கு எடுத்துரைப்பதும் கல்வியின் பகுதியே என்பதை ஆசிரியத் தொழில் செய்வோர் நன்கறிவர்.

எழுத்தில் தவறியதை அவர் செயலில் ஈடுசெய்தார். நிலமும் தொடுவானமும் மறைந்தால் விமானியின் உடலுணர்வு அவனை ஏமாற்றும், கருவியையே நம்பவேண்டும். 1929 செப்டம்பர் 24 அன்று, வெளியே எதுவும் தெரியாதபடி மூடிய இருக்கையில் அமர்ந்து, கருவிகளை மட்டும் பார்த்து விமானத்தைக் கிளப்பிச் சுமார் 15 நிமிடம் பறந்து தரையிறக்கினார். காவலுக்கு உடன் சென்ற பென் கெல்சி விமானத்தை இயக்கவே இல்லை. கருவி செய்வோரின் மொழியும் விமானிகளின் மொழியும் ஒருவரிடமே கூடியிருந்ததால் இது கைகூடியது. படை அதிகாரிக்கு உயர் விஞ்ஞானக் கல்வி வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

நூலின் பெருங்குறை அதன் பெயரிலேயே இருக்கிறது. எல்லாவற்றையும் நற்பேறு என்று சொல்வது ஆசிரியரின் அடக்கத்தைக் காட்டுகிறது. அதே வேளையில் இளைஞரை வழிதவறவும் செய்கிறது. சம்பளம் வாங்கும் அதிகாரியை இரண்டாண்டு படிக்க அனுப்பிய ஏற்பாடு நற்பேறன்று, திட்டம். விரிசல் கண்ட இறக்கையோடு தரையிறங்கியதை வேண்டுமானால் நற்பேறு எனலாம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுதான். ஆயினும், விதையை எந்த மண்ணில், எந்தப் பருவத்தில் ஊன்றுவது என்பதை ஏடு சொல்லும். ஊன்றுகிறவனே அந்த ஏட்டைப் படித்தால், கறிக்குச் சுரைக்காய் தானே வரும்.